தாம்பரத்துக்குப் படிக்க வரும் அயல்நாட்டு மாணவர்கள்

1837-இல் ஒரு பள்ளியாகத் தொடங்கிய சென்னை கிறித்துவக் கல்லூரி, 1937-இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. அமெரிக்காவின் டேவிட்சன் கல்லூரி மாணவர்கள் ஒரு பருவப் படிப்புக்காக இங்கே வந்து தங்கியதுண்டு.

மாலையானால் ஊர் சுற்ற மின்சார ரயில் இருக்கிறது. கடற்கரை - தாம்பரம் தடத்தில் அது 1931 முதல் ஓடுகிறது. இரவில் திரும்பினால் ரயிலடியில் சூடான இட்லியும் டீயும் கிடைக்கும். புரட்டாசியில் வந்தால் நவராத்திரி. கொலு வைத்த வீடுகளில் சுண்டலோடு குடும்பங்களின் அறிமுகமும் கிடைக்கும்.

அயல்நாட்டு மாணவரை உங்கள் வீட்டில் தங்க வைக்கப் போகிறீர்களா? அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கு இணையவழியில் தெரிவிக்க வேண்டும். வாடகைக்கு விட்டாலும் விருந்தினராக வைத்தாலும் இதே விதிதான். 180 நாட்களுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருபவர், இந்தியா வந்த 14 நாட்களுக்குள் தம் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும். ஆகவே, விருந்தினரின் பாஸ்போர்ட், விசா நகல்களை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.