2004 டிஸ்க் இன்னும் பாடுது... டவுன்லோடு செய்த பாட்டு எங்கே? ‘சிங்ஸ்டார்’ கேமின் கதை

நாலு பேர் சேர்ந்தால் யூடியூபில் கரோக்கி டிராக்கைப் போட்டுப் பாடுவது இப்போ சாதாரணம். ‘நான்தான் நல்லா பாடினேன்’ என்ற சண்டையும் சாதாரணம்தான். அந்தச் சண்டைக்குத் தீர்ப்பு சொல்ல 2004-லேயே ஒரு வீடியோ கேம் வந்தது. பெயர் ‘சிங்ஸ்டார்’. பிளேஸ்டேஷன் 2-க்காக சோனியின் லண்டன் ஸ்டுடியோ உருவாக்கியது. முதல் பாகம் ஐரோப்பாவில் அந்த ஆண்டு மே மாதம் வெளியானது. வருஷம் முடிவதற்குள்ளேயே இரண்டாம் பாகமான ‘சிங்ஸ்டார் பார்ட்டி’யும் வந்துவிட்டது.

அவ்வளவு சீக்கிரம் சீக்வலா? சண்டை போடும் கேமில் புது வில்லன் வேண்டும், புது மேப் வேண்டும். இங்கே புதுப் பாட்டு இருந்தால் போதும். ஒரு டிஸ்கில் இருப்பது சுமார் 30 பாட்டு. நாலு பார்ட்டியில் அலுத்துவிடும். அப்போது பாட்டைத் தனியாக வாங்க ஆன்லைன் ஸ்டோரும் இல்லை. அதனால் அடுத்த டிஸ்க்!

ஆனாலும் ‘பார்ட்டி’ வெறும் பாட்டு மாற்றம் இல்லை. முதல் பாகத்தில் தனியாளாகப் பாடி ஸ்டார் ஆகும் ‘ஸ்டார் மேக்கர்’ மோட் இருந்தது. அதைத் தூக்கிவிட்டு, இரண்டு பேர் சேர்ந்து பாடும் டூயட்டைக் கொண்டுவந்தார்கள். சரியான முடிவு. தனியாக டிவி முன்னால் நின்று பாட யாருக்குத்தான் ஆசை வரும்?

மார்க் எப்படிப் போடுது?

கேமுடன் நீலம், சிவப்பு என இரண்டு மைக் கிடைக்கும். யூஎஸ்பி வழியாகக் குரல் உள்ளே போனதும், அது எந்த ஸ்ருதியில் இருக்கிறது என்பதை கேம் கணக்கிடும். திரையில் ஓடும் கோடுகளோடு உங்கள் குரல் பொருந்தினால் மார்க். அதிகபட்சம் 10,000.

இதில் இரண்டு விஷயம் சுவாரஸ்யம். ஒன்று, ஆக்டேவ் கணக்கில் வராது. 440 ஹெர்ட்ஸில் பாட வேண்டியதை 220-ல் பாடினாலும் அதே ஸ்வரம்தான். அதனால் பெண் குரல் பாட்டை ஆண்கள் கீழே இறக்கிப் பாடலாம். இன்னொன்று, வார்த்தையை கேம் கவனிப்பதே இல்லை. வரி மறந்துபோச்சா? ஸ்ருதி பிசகாமல் ‘ம்ம்ம்’ என்று முனகினாலே மார்க் விழும். பாதிப் பேர் ஜெயித்தது இப்படித்தான் இருக்கும்!

சிக்கல் எங்கே வந்தது?

அமெரிக்காவில் 2003-ல் வந்த ‘கரோக்கி ரெவல்யூஷன்’, வேறு பாடகர்கள் பாடிய கவர் வெர்ஷன்களை வைத்து ஓடியது. சிங்ஸ்டாரில் ஒரிஜினல் பாட்டே ஒலித்தது, வீடியோவும் ஓடியது. மவுசுக்கு அதுதான் காரணம். ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் இசையமைப்பு உரிமை, ரெக்கார்டிங் உரிமை என இரண்டையும் வாங்க வேண்டும்.

டிஸ்க் மேல் டிஸ்க்காக வரிசை நீண்டது. 2007-ல் இந்திப் பாடல்களோடு ‘சிங்ஸ்டார் பாலிவுட்’கூட வந்தது. அதே ஆண்டு பிளேஸ்டேஷன் 3-க்கு வந்தபோது ‘சிங்ஸ்டோர்’ என்ற ஆன்லைன் கடை திறந்தது. பிடித்த பாட்டை மட்டும் காசு கொடுத்து டவுன்லோடு செய்துகொள்ளலாம். இனி ஒவ்வொரு டிஸ்க்காக வாங்க வேண்டாம், நிம்மதி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

2020 ஜனவரி 31 அன்று அந்தக் கடையையும் சர்வர்களையும் சோனி மூடிவிட்டது. அதற்கு முன்பே டவுன்லோடு செய்து வைத்த பாட்டுகள் அந்த கன்சோலில் இருக்கும்வரை ஓடும். ஹார்ட் டிஸ்க் போய்விட்டால்? பணம் கொடுத்து வாங்கிய பாட்டாக இருந்தாலும் மறுபடி டவுன்லோடு செய்ய வழியில்லை. அதை உருவாக்கிய லண்டன் ஸ்டுடியோவும் 2024-ல் மூடப்பட்டது.

‘பார்ட்டி’ டிஸ்குக்கு இந்தக் கவலையே இல்லை. வேலை செய்யும் ஒரு பிளேஸ்டேஷன் 2, கீறல் விழாத டிஸ்க், அந்த இரண்டு மைக்... இவை கைவசம் இருந்தால் லாகின் கேட்காமல் இன்றைக்கும் பாட்டு ஓடும். பழைய கன்சோல் வாங்குகிறவர்கள் மைக்கோடு வந்த அந்தச் சின்ன யூஎஸ்பி கன்வெர்ட்டரும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாவிட்டால் மைக்கை கன்சோலில் செருக முடியாது.