சேஷாத்ரி தேர்ந்தெடுத்த கேள்விகள்

குளித்தலையில் 1900இல் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்தார். மான்செஸ்டருக்குப் போய், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் ராபின்சனிடம் முனைவர் பட்டம் பெற்றார். நாடு திரும்பியபின் வால்டேரில் இருந்த ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும், 1949 முதல் டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் வேதியியல் துறையை நடத்தினார். 1960இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். இந்த விவரங்களை எந்தக் கலைக்களஞ்சியமும் சொல்லும். நான் அவரை நினைவுகூரக் காரணம் வேறு. கற்பித்தலும் ஆய்வும் ஒன்றன் நேரத்தை மற்றொன்று தின்றுவிடும், இரண்டில் ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும் என்ற பேச்சு நம் கல்லூரிகளில் இன்றும் ஓயவில்லை. சேஷாத்ரி தன் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள்களை வரிசையாகப் பார்த்தால், அந்தப் பேச்சு ஏன் தவறு என்பது புரியும். ஒரு மாணவர் தன் கையால் தொடங்கித் தன் கையாலேயே முடிக்கக்கூடிய கேள்விகளாக அவை இருந்தன. அதே சமயம் ஒவ்வொன்றும் அடுத்த கேள்விக்கு வழி திறந்தது.

பருத்திப் பூ, புளிச்சக்கீரைச் செடியின் பூ, புங்கம் விதை, செஞ்சந்தனக் கட்டை, பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் கல்பாசி இனங்கள். இவைதான் அவருடைய ஆய்வுக்கூடத்தின் மூலப்பொருள்கள். பெருஞ்செலவில்லாமல் இந்த நாட்டிலேயே கிடைப்பவை. பல பூக்களின் மஞ்சளுக்குக் காரணமான ஃபிளவனாய்டு நிறமிகள் எல்லாவற்றுக்கும் எலும்புக்கூடு ஒன்றே: பதினைந்து கரி அணுக்கள், இரு முனைகளிலும் ஆறு ஆறாக வளையங்கள், நடுவில் மூன்று. அந்தக் கூட்டில் ஆக்சிஜன் எந்தெந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்பதில்தான் ஒரு நிறமி மற்றதிலிருந்து வேறுபடும். அதைக் கண்டறிய மாணவர் முதலில் பூவிலிருந்து நிறமியைப் பிரித்துப் படிகமாக்க வேண்டும். பிறகு காரத்தில் சூடாக்கி அதை இரண்டு துண்டாக உடைத்து, துண்டுகள் எவை என்று அடையாளம் காண வேண்டும். அதிலிருந்து முழு அமைப்பை ஊகித்து, அதே பொருளைத் தானே செயற்கையாகத் தயாரிக்க வேண்டும். கடைசியில் இயற்கைப் படிகத்தையும் செயற்கைப் படிகத்தையும் கலந்து உருக்கிப் பார்ப்பார்கள். உருகுநிலை இறங்காவிட்டால் இரண்டும் ஒன்று. பிரித்தல், உடைத்தல், ஊகித்தல், கட்டுதல், சரிபார்த்தல் என்று கரிம வேதியியலின் முழுப் பாடமும் ஒரே ஆய்வேட்டுக்குள் அடங்கிவிடுகிறது. சில மில்லிகிராம் பொருளைக்கொண்டே அதிலுள்ள கரி, ஹைட்ரஜன் அளவைக் கணக்கிடும் நுண்பகுப்பாய்வை, அதை உருவாக்கிய ஃபிரிட்ஸ் பிரெகலிடமே ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் சேஷாத்ரி கற்று வந்திருந்தார். பூவில் நிறமி கொஞ்சமாகத்தான் இருக்கும் என்பதால் அந்தக் கைத்திறன் இந்த வேலைக்குப் பொருத்தமாக அமைந்தது.

பூ பூவாக எடுத்து இதில் இன்னது இருக்கிறது என்று எழுதிவைப்பது வெறும் பட்டியல் வேலைதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, இயற்கைப் பொருள் வேதியியலில் அப்படித் தேங்கிப்போன ஆய்வுகள் நிறைய உண்டு. ஆனால் சேஷாத்ரி பட்டியலோடு நிற்கவில்லை. பருத்திப் பூவில் குவர்செட்டின், காசிபெட்டின் என்ற இரண்டின் சர்க்கரைச் சேர்மங்களும் கிடைக்கின்றன. இரண்டாவதில் ஒரே ஒரு ஆக்சிஜன் அதிகம். அப்படியானால் செடி முதலில் குவர்செட்டின் வகையைச் செய்துவிட்டு, பிறகு அதில் ஆக்சிஜனைக் கூடுதலாகச் சேர்க்கிறதா? காரக் கரைசலில் பொட்டாசியம் பெர்சல்பேட்டைக் கொண்டு வளையத்தில் ஒரு ஹைட்ராக்சிலைப் புகுத்தும் எல்ப்ஸ் முறையை அவரும் மாணவர்களும் ஃபிளவோன் வகை நிறமிகள் மேல் திரும்பத் திரும்பக் கையாண்டு, எளிய நிறமியிலிருந்து சிக்கலான நிறமிக்குப் போக முடியும் என்று காட்டினார்கள். குடுவையில் நடப்பது செடியிலும் நடக்கிறது என்பதற்கு இது நிரூபணம் ஆகாதுதான். ஆனாலும் நல்ல ஊகம். அந்த இடத்தில் ஆக்சிஜனைச் சேர்க்கும் நொதிகள் பிற்பாடு சில தாவரங்களில் கண்டறியப்பட்டன. தனித்தனி மாணவர்கள் தனித்தனிப் பூக்களில் கண்டதை அருகருகே வைத்துப் பார்த்தவருக்குத்தான் இப்படி ஒரு கேள்வி தோன்றும். அந்த வகையில், கற்பித்த வேலையே ஆய்வுக்கு ஊட்டமாக இருந்தது.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. மாணவர்கள் உழைக்க, பேர் பேராசிரியருக்குப் போகிறது என்பது அது. கட்டுரைகளில் நீலகண்டம், ரங்கசாமி, சுப்பிரமணியன் என்ற பெயர்கள் சேஷாத்ரியின் பெயரோடு அச்சாகியிருக்கின்றன. துறைக்கு வெளியே அவர்களை எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தக் குறையை முழுக்கத் துடைத்துவிட முடியாது. ஆனால் ஒரு பெரிய வேலையின் சிறு மூலையை மட்டும் செய்துவிட்டுப் போகும் உதவியாளருக்கும், ஒரு சிக்கலை முழுசாக அவிழ்த்துவிட்டுப் போகும் மாணவருக்கும் இருக்கும் வேறுபாடு மிகப் பெரியது. பின்னவர் வேறு ஊரில் தனியாக ஒரு கூடத்தைத் தொடங்க முடியும். ரங்கசாமி போன்றவர்கள் தாமே பேராசிரியர்களாகி அடுத்த தலைமுறையைப் பழக்கினார்கள். இரண்டாம் உலகப்போரின்போது வால்டேர் வளாகத்தை விட்டுப் பல்கலைக்கழகம் குண்டூருக்கு இடம்பெயர நேர்ந்தபோதும் இந்த ஆய்வு நிற்கவில்லை. குடுவையும் வடிதாளும் பூவும் போதும் என்ற அளவில் கேள்விகள் இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

அன்று ஆண்டுக்கணக்கில் உடைத்தும் கட்டியும் கண்ட அமைப்பை இன்று காந்த ஒத்ததிர்வுக் கருவி ஒரே நாளில் காட்டிவிடுமே, இனி அந்தப் பயிற்சி எதற்கு என்பவர்களும் உண்டு. அமைப்பை அறிவது மட்டுமே நோக்கமென்றால் அவர்கள் சொல்வது சரி. பழைய முறையைப் பக்திக்காகத் தொடர வேண்டியதில்லை. ஆனால் கருவிக்குள் வைக்கும் பொருள் தூய்மையானதாக இருக்க வேண்டும். அதைப் பூவிலிருந்து பிரித்தெடுக்க இன்றும் கை பழகியிருக்க வேண்டும். எந்தப் பூவை எடுப்பது, கிடைத்த விடையைப் பக்கத்துச் செடியின் விடையோடு எப்படி ஒப்பிடுவது என்பதையும் கருவி சொல்லாது. விலையுயர்ந்த கருவி இல்லாததால் ஆய்வே செய்ய முடியவில்லை என்று சொல்லும் மாவட்டக் கல்லூரித் துறைகள், அருகில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு மாதிரியை அனுப்பி நிறமாலையை வாங்கிக்கொள்ளலாம். எந்தச் சிக்கலை எந்த மாணவரிடம் கொடுப்பது என்ற முடிவை மட்டும் அங்கிருக்கும் ஆசிரியர்தான் எடுக்க வேண்டும்.