வெப்பத்தை விழுங்கி வைக்கும் மெழுகு

இரவு ஷிப்ட் முடித்து வந்து, தகரக் கூரையின் கீழே பகலில் தூங்க முயன்றவர்களுக்கு உஷ்ணம் என்றால் என்ன என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அந்தப் பகல் உஷ்ணத்தைக் கூரையடியிலேயே பிடித்து நிறுத்தி, ஊர் குளிர்ந்த பிறகு வெளியே விட முடியுமா? முடியும் என்கிறது விஞ்ஞானம். அதற்கு வேண்டிய சரக்கு, மெழுகும் பிளாஸ்டிக்கும்தான்!

ஐஸ் கட்டி சொல்லும் பாடம்

மீன் மார்க்கெட்டில் பெட்டிக்குள் ஐஸ் போட்டு வைக்கிறார்களே, ஏன்? குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் போதாதா? போதாது. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வெப்பம் போதும். ஆனால் ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு மட்டும் 80 கிலோ கலோரி வேண்டும். அத்தனை வெப்பத்தையும் விழுங்கிவிட்டு, கடைசித் துண்டு கரையும் வரை அது பூஜ்ய டிகிரியிலேயே நிற்கும். பள்ளிப் புத்தகத்தில் 'உள்ளுறை வெப்பம்' என்று படித்தது இதைத்தான்.

ஐஸ் பூஜ்ய டிகிரியில் உருகுகிறது. நம் உடம்புக்கு இதமான சூட்டில் உருகும் பொருள் கிடைத்தால்? ஆக்டாடெக்கேன் என்ற மெழுகு 28 டிகிரி சென்டிகிரேடில் உருகும். ஒரு கிலோ உருக ஏறக்குறைய 57 கிலோ கலோரியை விழுங்கும். சூடு இறங்கியதும் மீண்டும் உறைந்து, விழுங்கியதை அப்படியே கக்கிவிடும்.

அமெரிக்காவில் ஒரு வீடு

இந்த யோசனை இன்று நேற்று வந்ததல்ல. ஹங்கேரியில் பிறந்த மரியா டெல்கெஸ் என்ற பெண் விஞ்ஞானி, 1948-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டோவர் என்ற ஊரில் கட்டப்பட்ட வீட்டில் இதைப் பரிசோதித்தார். சுமார் 20 டன் கிளாபர் உப்பைப் பீப்பாய்களில் அடைத்து, வெயிலின் வெப்பத்தை அதில் சேமித்து, குளிர்கால இரவில் வீட்டுக்கு ஊட்டினார். ஆனால் சில குளிர்காலங்களே அது தாக்குப் பிடித்தது. உருகி உறைந்து, உருகி உறைந்து உப்பு தனியே பிரிந்தது. பீப்பாய்கள் அரித்து ஒழுகின.

பிளாஸ்டிக் வந்து கைகொடுத்தது

உருகிய பொருள் ஒழுகாமல் இருக்க வேண்டும். இங்கேதான் பாலிமர் எனப்படும் பிளாஸ்டிக் இனப் பொருள்கள் உதவிக்கு வந்தன. முக்கால் பங்கு மெழுகையும் கால் பங்கு பாலிதீனையும் சேர்த்து உருக்கிப் பலகையாக வார்க்கிறார்கள். குடம், வாளி செய்யும் கெட்டிப் பாலிதீன் உருக 130 டிகிரி வரை வேண்டும். ஆகவே உள்ளே மெழுகு உருகினாலும், தேனடை தேனைப் பிடித்து வைப்பதுபோல் பாலிதீன் வலை அதைப் பிடித்துக்கொள்கிறது. பலகை வடிவம் கெடுவதில்லை. பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற பாலிமரோ தானே உருகி உறைந்து வெப்பத்தைச் சேமிக்கும். மருந்து மாத்திரை, களிம்பு தயாரிப்பில் பயன்படும் அதே பொருள்தான்.

பச்சைக் குழந்தைக்குக் கதகதப்பு

இதே மெழுகு உயிர் காக்கவும் வந்திருக்கிறது. எடை குறைந்து பிறக்கும் குழந்தையின் உடல் சட்டென்று குளிர்ந்துவிடும். இன்குபேட்டரோ விலை அதிகம். கரண்ட் போனால் அதுவும் பயனில்லை. 2007-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் இதற்கு ஒரு வழி தேடினார்கள். பிறகு நம் பெங்களூருக்கே வந்து, 'எம்ப்ரேஸ்' என்ற குழந்தைப் பையை 2011-ல் உபயோகத்துக்குக் கொண்டு வந்தார்கள். மெழுகு அடைத்த உறையைச் சூடாக்கிப் பைக்குள் வைத்தால், கரண்ட் இல்லாமலே நான்கு மணி நேரத்துக்கு மேல் 37 டிகிரியில் வைத்திருக்கும். தாயின் மார்போடு சேர்த்து அணைப்பதே முதல் வைத்தியம். அதற்கு முடியாத வேளையில் இது துணை.

நம் கூரைக்கு வருமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துக்குப் பத்து அறையின் கூரையடியில் 50 கிலோ மெழுகு வைத்தால், அது உருகும்போது பிடிக்கும் வெப்பம் சுமார் 3 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். நல்ல கோடை நாளில் அந்தக் கூரை மேல் விழும் வெயிலோ 50 யூனிட் அளவு! ஆகவே முதலில் வெயிலைத் திருப்பி அனுப்ப வேண்டும். கூரைக்கு வெள்ளை அடிப்பதே அதற்கு மலிவான வழி. அதையும் மீறி உள்ளே இறங்கும் உஷ்ணத்துக்குத்தான் மெழுகு.

இன்னொன்று, பகலில் உருகியது இரவில் உறைய வேண்டும். பெங்களூர் இரவு குளிர்ச்சியானது, இங்கே உறையும். மும்பையிலோ மே மாத இரவுகள் 27 டிகிரியை ஒட்டியே நிற்கும். அங்கே 28 டிகிரி மெழுகு சரியாக உறையாது. மறுநாள் விழுங்க அதற்கு வயிறு காலியிராது.

யாரும் மெழுகுவர்த்தியை வாங்கிக் கூரையில் செருகிவிட வேண்டாம். அது 50 டிகிரிக்கு மேல்தான் உருகும். தீப்பிடித்தால் அணைப்பதும் கடினம். இன்றைக்குக் கைக்கு எட்டுவது சுண்ணாம்பு வாளியும் மட்டையும்தான். மெழுகுப் பலகை ஏழையின் கூரைக்கு ஏற்ற விலையில் வரும் நாளில், இரவு ஷிப்ட்காரர்கள் பகலில் நிம்மதியாகக் கண்ணயரலாம்.