அம்பாஸடர் டு பி.எஸ்-6: வழியில் நின்ற காரை ஊர் மெக்கானிக்கால் சரிசெய்ய முடியுமா?

பௌர்ணமி கூட்டம் இல்லாத ஒரு சாதாரண ராத்திரி. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைப் பக்கம் உங்க கார் நின்னுபோச்சுன்னு வெச்சுக்கோங்க. டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் லைட் எரியுது. பானெட்டைத் திறந்தா உள்ளே ஒரு பெரிய கறுப்பு பிளாஸ்டிக் மூடி. அதுக்குக் கீழே எதைத் தொடணும், எதைத் தொடக் கூடாதுன்னே தெரியல. பக்கத்து பட்டறை அண்ணன் வந்து பார்த்துட்டு, "ஸ்கேனர் போட்டாத்தான் தம்பி சொல்ல முடியும்" என்கிறார்.

உடனே வீட்டுப் பெரியவர்கள் ஆரம்பிப்பாங்க: "எங்க காலத்து அம்பாஸடரா இருந்தா டிரைவரே சரிபண்ணியிருப்பாரு!" அது உண்மைதான். ஆனா, அந்த அம்பாஸடர் எத்தனை தடவை வழியில் நின்னுச்சுங்கிறதை மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க. பழைய கார், புது கார் ரெண்டையும் ரிப்பேர் பண்றதில் என்ன வித்தியாசம், அதில் உங்க பர்ஸ் எங்கே மாட்டிக்குதுன்னு பார்ப்போம்.

கண்ணால பார்த்து, காதால கேட்டு...

பெட்ரோல் இன்ஜின் ஓட மூணு விஷயம் சரியா இருக்கணும். காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலக்கணும். அந்தக் கலவை சிலிண்டருக்குள் நல்லா அழுந்தணும். சரியான நேரத்தில் தீப்பொறி வரணும். இது அன்னைக்கும் இன்னைக்கும் ஒண்ணுதான்.

பழைய காரில் இந்த மூணையும் கண்ணால பார்க்க முடிஞ்சது. பெட்ரோலைக் கலக்குறது கார்புரேட்டர். தீப்பொறியைப் பங்கு போட்டு அனுப்புறது டிஸ்ட்ரிபியூட்டர். அதுக்குள்ளே இருக்கும் பாயின்ட்டில் கரி பிடிச்சா வண்டி 'மிஸ்ஸிங்' அடிக்கும். எமரி பேப்பரால தேய்ச்சு, இடைவெளியைச் சரிபண்ணினா வண்டி கிளம்பிடும். வெயில் காலத்தில் பெட்ரோல் லைனில் ஆவி அடைச்சுக்கிட்டா, பம்ப் மேல ஈரத்துணியைப் போட்டுட்டு ஒரு டீ குடிச்சிட்டு வருவாங்க. பிளக்கைக் கழட்டி நிறத்தைப் பார்த்தே, பெட்ரோல் அதிகமா போகுதா, ஆயில் எரியுதான்னு சொல்லிடுவாங்க.

இன்னொரு வசதியும் இருந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாக வைத்து உருவான அம்பாஸடர், 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 வரை தயாரானது. இன்ஜின் மாறியது, முகப்பு மாறியது. உடம்பு பெருசா மாறவில்லை. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ம் 2014 ஜனவரி வரை ஓடியது. ஒரே மாடல் இத்தனை வருஷம் இருந்தால், அதன் ஸ்பேர் எல்லா ஊரிலும் கிடைக்கும். அதைப் பிரிச்சு மாட்டத் தெரிஞ்சவரும் எல்லா ஊரிலும் இருப்பார். கடையில் இல்லாத பாகத்துக்குச் சென்னை புதுப்பேட்டை இருந்தது. அங்கேயும் கிடைக்காததை லேத்தில் கடைஞ்சே போட்டாங்க.

ஆனா, அது அடிக்கடி படுத்துக்கும்!

கார்புரேட்டரை அடிக்கடி 'டியூன்' பண்ணணும். பாயின்ட்டையும் பிளக்கையும் அடிக்கடி மாத்தணும். அம்பாஸடரின் முன்பக்க இணைப்புகளுக்கு கிரீஸ் கன் வெச்சு கிரீஸ் அடிச்சுக்கிட்டே இருக்கணும். மேட்டில் ஏறினா ரேடியேட்டர் கொதிக்கும். அதனாலதான் டிக்கியில் எப்பவும் ஒரு தண்ணி கேன் இருந்தது. 'எளிதா சரிபண்ணலாம்' என்பதன் இன்னொரு பக்கம், 'அடிக்கடி சரிபண்ண வேண்டியிருந்தது' என்பதுதான்.

இன்னைக்குப் பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷத்துக்கு ஒருமுறை சர்வீஸ் போதும். இரிடியம் பிளக் போட்ட கார்களில் பிளக்கைப் பற்றிப் பல வருஷம் யோசிக்கவே வேண்டாம். பாதுகாப்பிலும் ஒப்பிடவே முடியாது. 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் கார்கள் எல்லாத்திலும் ஏ.பி.எஸ் பிரேக் கட்டாயம். பழைய அம்பாஸடரில் அந்தப் பேச்சே கிடையாது.

கம்ப்யூட்டர் ஏன் உள்ளே வந்தது?

இதுக்கு முக்கியக் காரணம் புகை. ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரிய, சுமார் 14.7 கிலோ காற்று வேணும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஒழுங்கா வேலை செய்யணும்னா, இந்த அளவை நொடிக்கு நொடி சரியா வெச்சிருக்கணும். கார்புரேட்டரால் அது முடியாது. 2000-ல் நாடு முழுக்க 'இந்தியா 2000' மாசு விதிகள் வந்தன. அப்புறம் ஒவ்வொரு பி.எஸ் விதியும் இன்னும் இறுக்கிப் பிடித்தது. 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பி.எஸ்-4, 2020 ஏப்ரலில் நேரா பி.எஸ்-6.

இந்த விதிகளால் கார்புரேட்டர் போய், இன்ஜெக்டர் வந்தது. அதுக்குக் கட்டளை போட 'இ.சி.யு' என்ற குட்டி கம்ப்யூட்டர் வந்தது. அந்தக் கம்ப்யூட்டருக்குக் கண், காது, மூக்காக சென்சார்கள் வந்தன. உள்ளே போகும் காற்று எவ்வளவு, வெளியே வரும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு, கிராங்க் எந்த இடத்தில் சுத்துது என்று எல்லாத்துக்கும் தனித்தனி சென்சார்.

காரே தன் கோளாறைக் குறிச்சு வைக்கணும் என்ற விதியும் வந்தது. அதுதான் ஓ.பி.டி. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களில் இருந்து ஓ.பி.டி-2 கட்டாயம், இந்தியாவில் 2013 ஏப்ரலில் வந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, உங்க முழங்கால் பக்கம் குனிஞ்சு பாருங்க. 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். ஸ்கேனரை அங்கேதான் மாட்டுவாங்க.

ஸ்கேனர் சொன்னா அது தீர்ப்பு இல்லை!

இங்கேதான் நிறைய பேர் பணத்தை விடுறாங்க. ஸ்கேனர் ஒரு கோடு காட்டும். உதாரணமா, 'பி0171'. இதுக்கு 'கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு' என்று அர்த்தம். எந்த பாகம் கெட்டுப்போச்சுன்னு அது சொல்லவில்லை. ஒரு ரப்பர் ஹோஸ் கிழிஞ்சு காற்று கசியலாம். காற்றை அளக்கும் சென்சாரில் தூசி படிஞ்சிருக்கலாம். பெட்ரோல் பம்ப் சோர்ந்துபோயிருக்கலாம். கோடைப் பார்த்ததும் "ஆக்சிஜன் சென்சார் மாத்தணும்" என்று பில் போட்டா, பணம் போகும். லைட் திரும்ப எரியும்.

நல்ல மெக்கானிக் என்ன செய்வார்? 'பி0301' என்று வருது, அதாவது முதல் சிலிண்டர் சரியா எரியல. அவர் முதல் சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழட்டி ரெண்டாவதுக்கும், ரெண்டாவதை முதலுக்கும் மாத்தி மாட்டுவார். கோடை அழிச்சிட்டு வண்டியை ஓட்டுவார். இப்போ 'பி0302' வந்தா, கோளாறு காயிலோடு சேர்ந்து நகர்ந்திருக்கு, காயில்தான் குற்றவாளி. திரும்பவும் 'பி0301'-ஏ வந்தா, காயில் நல்லா இருக்கு; பிளக்கையோ, இன்ஜெக்டரையோ பார்க்கணும். ஒரு ரூபாய்க்குக்கூட பாகம் வாங்காமல் கிடைத்த பதில் இது. பிளக் நிறத்தைப் பார்த்துச் சொன்ன பழைய மூளைதான் இங்கேயும் வேலை செய்யுது. கையில் இருக்கும் கருவி மட்டும்தான் வேற.

அப்போ பூட்டு எங்கே இருக்கு?

ஊர் மெக்கானிக்கால் ஏன் சில வேலைகளைச் செய்ய முடியல? பல நேரம் அதுக்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை. தகவல் கையில் இல்லை. இன்ஜின் கோடுகளில் பெரும்பகுதி பொதுவானது. சாதாரண ஸ்கேனரே படிக்கும். ஆனா புது சாவியை காருக்கு அறிமுகப்படுத்துறது, இ.சி.யு மாத்தினா அதுக்கு புரோகிராம் ஏத்துறது போன்ற வேலைகளுக்குப் பல கார்களில் கம்பெனி மென்பொருளும் பாஸ்வேர்டும் வேணும். பாகம் கையில் இருந்தும் கார் அதை 'ஏத்துக்காது'.

இது கோர்ட் வாசல்வரை போன விஷயம். அசல் ஸ்பேரும் பரிசோதனைக் கருவிகளும் வெளிச் சந்தையில் கிடைக்காமல் செய்ததாக, 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியே ரிப்பேர் பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்ட்டியை மொத்தமா ரத்து செய்யக் கூடாது. வெளியே செய்த தப்பான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும்தான் மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் மக்களே ஓட்டுப் போட்டு, ரிப்பேர் தகவலை வெளி மெக்கானிக்குகளுக்கும் தரணும் என்று முடிவெடுத்தாங்க. நம்ம ஊரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தைத் தொடங்கியது. கார்களும் அதில் ஒரு பிரிவு.

'கம்பெனி சர்வீஸ் சென்டர் இருக்கே, எனக்கு எதுக்கு இதெல்லாம்?' என்று நினைக்கலாம். மறைமலை நகரில் கார் தயாரித்த ஃபோர்டு, 2021-ல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. செவர்லே 2017-லேயே இங்கே விற்பனையை நிறுத்திவிட்டது. கார்கள் மட்டும் இன்னும் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்படியான கார் வைத்திருப்பவருக்கு, தகவல் தெரிந்த ஒரு வெளி மெக்கானிக் எவ்வளவு முக்கியம்னு யோசிச்சுப் பாருங்க.

எதை யாரிடம் கொடுக்கலாம்?

ஊர் பட்டறையில் தாராளமா: ஆயில், ஃபில்டர், பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ், வீல் பேரிங், கிளட்ச், ரேடியேட்டர் ஹோஸ், பேட்டரி, ஏ.சி. கேஸ். இந்த வேலைகள் பெரும்பாலும் பழைய மாதிரிதான்.

நல்ல ஸ்கேனர் இருக்கும் பட்டறையில்: இன்ஜின் லைட், சென்சார், இன்ஜெக்டர், த்ராட்டில் பாடி சுத்தம், ஏ.பி.எஸ் லைட்.

கம்பெனி அல்லது ஸ்பெஷலிஸ்ட் மட்டும்: ஏர்பேக், சாவி புரோகிராமிங், டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ், ஏடாஸ் கேமரா. கேமரா இருக்கும் காரில் முன்கண்ணாடி மாத்தினா, கேமராவைத் திரும்ப அளவு சரிபார்க்கணும். எலெக்ட்ரிக் காரில் ஆரஞ்சு நிற கேபிளைத் தொடவே விடாதீங்க. அது உயர் மின்னழுத்தம்.

பழைய டெக்னிக், புது காரில் வேண்டாம்!

* இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழட்டி 'சார்ஜ் ஆகுதா' என்று பார்ப்பது. புது காரில் வோல்டேஜ் எகிறி இ.சி.யு-வே போயிடலாம். மல்டிமீட்டர் போதும்.

* ஆட்டோமேட்டிக் காரைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முயல்வது, கயிறு கட்டி இழுப்பது. முழு வண்டியையும் ஏத்திப்போகும் ஃபிளாட்பெட் டோயிங் கேளுங்க.

* பேட்டரியைக் கழட்டாமல் வெல்டிங் வைப்பது.

* இன்ஜின் மேல பிரஷர் தண்ணி அடிப்பது. கனெக்டருக்குள் ஈரம் போனா, இல்லாத கோளாறு எல்லாம் வரும்.

* பி.எஸ்-6 டீசல் காரை எப்பவும் பக்கத்துக் கடைக்கு மட்டும் ஓட்டுவது. புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப் ஃபில்டர், அந்தக் கரியை எரிச்சுத் தள்ள அப்பப்போ நெடுஞ்சாலையில் சீராக ஓடணும்.

வண்டி நின்னா நீங்க செய்ய வேண்டியது

முதலில் லைட்டின் நிறத்தைப் பாருங்க. ஆயில், டெம்பரேச்சர் லைட் சிவப்பா எரிஞ்சா உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்க. 'வீடு வரைக்கும் போயிடலாம்' என்ற எண்ணம் இன்ஜினையே காவு வாங்கும். மஞ்சள் இன்ஜின் லைட் சும்மா எரிஞ்சு, வண்டி நல்லா ஓடினா மெதுவா பட்டறைக்குப் போகலாம். அதே லைட் விட்டு விட்டு மின்னினா ஓட்டாதீங்க. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அதையும் கெடுத்துடும்.

அடுத்து, கோடைப் போட்டோ எடுங்க. போனோடு புளூடூத்தில் இணையும் சின்ன ஓ.பி.டி ரீடர் ஆன்லைனில் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்குது. படிச்சு வைக்காமல் கோடை அழிக்காதீங்க. அது மெக்கானிக்குக்குக் கிடைக்கும் முதல் துப்பு. "எந்த பாகம் மாத்தணும்?" என்று கேட்கும் முன்னாடி, "அந்த பாகம்தான்னு எப்படி கண்டுபிடிச்சீங்க?" என்று கேளுங்க. மாத்தின பழைய பாகத்தையும் பில்லையும் வாங்கிக்கோங்க. ஏமாத்திட்டாங்கன்னு தோணினா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போறீங்களா? டெஸ்ட் டிரைவுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஸ்கேன் பண்ணுங்க. கோடை அழிச்சிட்டு விக்கிறவங்க உண்டு. கொஞ்ச தூரம் ஓடினா பல கோடுகள் திரும்ப வந்துடும்.

கடைசியா, உங்க ஊரில் கோடைப் படிச்சு, சோதிச்சு, காரணம் சொல்ற ஒரு மெக்கானிக் கிடைச்சா அவரை விடாதீங்க. சோதனை பார்த்த நேரத்துக்கும் கூலி கொடுங்க. பாகம் விற்றால்தான் வருமானம் என்ற நிலை வந்தா, அவரும் பாகத்தைத்தான் மாத்துவார்.