டாக்டரிடம் பழைய நோயையும் சொல்லுங்கள்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு முடிந்து நன்றாக இருக்கும் பெண்ணுக்கு இடுப்பு வலிக்கிறது. எலும்பு டாக்டரிடம் வலியைச் சொல்கிறார். பழைய நோயைச் சொல்வதில்லை. "அதையெல்லாம் எதுக்கு வெளியே சொல்லிக்கிட்டு" என்று வீட்டிலும் தடுப்பார்கள். அந்த வலி பழைய நோய் பரவியதன் அறிகுறியாக இருந்தால், அந்தத் தயக்கம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

வழக்கமான பாதை

இந்த நோய் முதலில் அக்கம்பக்கத்துத் திசுக்களில் பரவும். பிறகு இடுப்பிலுள்ள நிணநீர்க் கணுக்கள் வழியாக மேலே ஏறும். சிலருக்கு இடது காரை எலும்புக்கு மேலே வலியில்லாத கட்டியாகத் தெரிவதும் இதனால்தான். உடலின் கீழ்ப்பாதி நிணநீரைச் சுமந்து வரும் குழாய் அங்கேதான் ரத்தநாளத்தில் சேர்கிறது. ரத்தத்தில் கலந்தால் நுரையீரல், கல்லீரல், எலும்பு ஆகியவற்றுக்குப் போகும்.

எதிர்பாராத இடங்கள்

அபூர்வமாக மூளை, தோல், இதயம், தைராய்டு, தசை ஆகியவற்றிலும் இது தலைகாட்டியிருக்கிறது. புதிதாக வந்த வலிப்பு, உச்சந்தலையிலோ வயிற்றுத் தோலிலோ கெட்டியான முடிச்சு என்று வந்தால், பழைய நோய் தெரியாத மருத்துவருக்கு இதன் நினைவே வராது. நுரையீரலில் ஒற்றைக் கட்டி இருந்தால் சிக்கல் இன்னும் அதிகம். அது அங்கேயே புதிதாகத் தோன்றியதா, கர்ப்பப்பை வாயிலிருந்து வந்ததா? சிகிச்சையே இதைப் பொறுத்து மாறும். துணுக்கு எடுத்து, அதில் இந்த நோய்க்குப் பெரும்பாலும் காரணமாகும் ஹெச்பிவி வைரஸின் தடயம் தேடி, பழைய பயாப்சி ஸ்லைடோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் விடை கிடைக்கும். ஆகவே ஸ்லைடையும் டிஸ்சார்ஜ் தாளையும் பத்திரப்படுத்துங்கள்.

அமெரிக்காவின் பால்டிமோரில் 1951இல் இந்த நோய் கண்டறியப்பட்ட ஹென்ரியட்டா லாக்ஸ், ரேடியம் சிகிச்சை பெற்றும் அதே ஆண்டு 31 வயதில் இறந்தார். நோய் உடலெங்கும் பரவியிருந்தது. சுமார் இருபது ஆண்டுகள் கழித்து அவருடைய திசுவை மறுபடி பார்த்தபோதுதான், அது முதலில் எண்ணிய வகை அல்ல, சுரப்பி செல்களில் தோன்றும் அடினோகார்சினோமா என்று தெரிந்தது. நோயின் வகையும் முக்கியம். சிறு செல் வகை, கட்டி சிறிதாக இருக்கும்போதே தொலைவுக்குப் போய்விடக்கூடியது.

எப்போது ஓட வேண்டும்

எல்லா முதுகுவலியும் புற்றுநோய் அல்ல. பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஓய்வெடுத்தும் குறையாத வலி, நிற்காத இருமல், ஒரு காலில் மட்டும் வீக்கம் என்றால் அந்த வாரமே காட்டுங்கள். முதுகுவலியோடு கால் தளர்ந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருள் கொள்ளலாம். அன்றைக்கே சிகிச்சை தொடங்கினால்தான் நடையைக் காப்பாற்ற வழியுண்டு. இரவானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.