ரப்பருக்கு மீண்டும் நற்காலமா?

வாசலில் நிற்கும் வண்டியின் சக்கரத்தை நாம் தினந்தோறும் பார்க்கிறோம். அந்தச் சக்கரத்தோடு எத்தனை குடும்பங்களின் வாழ்வு உருளுகிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. கோட்டயத்திலும், நமது கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்திலும் விடியுமுன் எழுந்து, மரப்பட்டையைச் சீவிப் பால் எடுப்பவர்கள் அவர்கள். இந்தியாவில் விளையும் ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு சிறு தோட்டக்காரர்கள் தருவதே.

2011-ம் வருஷத்தில் கோட்டயம் சந்தையில் ஒரு கிலோ ரப்பர் ஷீட் சுமார் 240 ரூபாய்க்கு விற்றது. 2016-ம் வருஷத் தொடக்கத்தில் அது 100 ரூபாய்க்கும் கீழே இறங்கிற்று. கூலிக்கே வரவு போதாமல் பலர் பால் எடுப்பதையே நிறுத்தினர். 2015-ல் கேரள சர்க்கார் 150 ரூபாயை ஆதரவு விலையாக வைத்து, குறைகிற தொகையைத் தானே கொடுக்க முன்வந்தது. அப்படியும் மந்தம் எளிதில் நீங்கவில்லை. 2024 ஆகஸ்டில்தான் விலை பழைய உச்சத்தைத் தாண்டிற்று. பதின்மூன்று வருஷ வனவாசம்!

இனி விலை நிலைக்குமா என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. நமக்கு ஜோசியம் தெரியாது. ஆயினும் மரத்தின் இயல்பு தெரியும். ரப்பர்க் கன்று நட்டால் பால் காண ஏழு வருஷம் ஆகும். விலை ஏறியிருந்த காலத்தில் தாய்லாந்திலும் வியட்நாமிலும் ஆசையோடு நட்ட கன்றுகள், விலை இறங்கத் தொடங்கிய பின்னரே பால் சொரிந்தன. 2014-ல் எண்ணெய் விலை சரிந்து செயற்கை ரப்பரும் மலிந்தது. வெள்ளத்தின்மேல் மழை பெய்தாற்போலாயிற்று. பின்னர் நடுவோர் குறைந்தனர். மரங்கள் கிழடு தட்டின. இந்தோனேசியாவில் இலைநோயும் பரவிற்று. மந்த காலத்தில் நடாத கன்றுகளே பிற்பாடு விலையை உயர்த்தின என்று சொன்னால் மிகையாகாது.

இது புதிய கதையன்று. 1910-ல் லண்டனில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கும் மேல் விற்றது. 1932-ல் சுமார் 2 பென்ஸுக்கு வந்துவிட்டது. தோட்டத்துரைகள் ஆட்குறைப்புச் செய்ய, மலேயாவிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் வெறுங்கையோடு கப்பலேறித் திரும்பினர். விலை வீழ்ச்சியின் பாரம் எப்போதும் கடைசிப் படியில் நிற்பவன் தலையிலேயே விழுகிறது.

2023-24-ல் நம் தேசம் உற்பத்தி செய்தது ஏறக்குறைய எட்டரை லட்சம் டன். செலவிட்டதோ பதினான்கு லட்சம் டன். இவ்வளவு பற்றாக்குறை இருந்தும் நம் விவசாயிக்கு விலை சொல்லும் உரிமை இல்லை. மீதிச் சரக்கு கப்பலில் வருவதால், பாங்காக்கிலும் சிங்கப்பூரிலும் விலை தும்மினால் கோட்டயத்துக்கு ஜலதோஷம் பிடிக்கிறது.

2016-ன் படுவீழ்ச்சி உடனே திரும்பி வராது என்பதே நமது அபிப்பிராயம். பால் தரும் இளமரங்கள் ஒரே நாளில் முளைத்துவிடா. ஆனால் ஐவரி கோஸ்டில் உற்பத்தி பெருகி வருகிறது. 2021 முதல் டயர்க் கம்பெனிகளின் பண உதவியோடு நமது வடகிழக்கு மாகாணங்களிலும் 2 லட்சம் ஹெக்டேரில் நடும் திட்டம் தொடங்கியது. இக்கன்றுகள் பால் தரும்போது சந்தை எவ்வாறிருக்குமோ?

ஆகவே, நல்ல விலை கிடைக்கும் வருஷமே கடனை அடைக்க வேண்டிய வருஷம். கிழட்டு மரங்களில் ஒரு பகுதியை மாற்றி, இளங்கன்றுகளுக்கு இடையே அன்னாசியோ வாழையோ வைக்க வேண்டிய வருஷமும் அதுவே. ஆதரவு விலையைத் திடப்படுத்த வேண்டியதும் இத்தகைய காலத்திலேதான். வீடு பற்றிய பின் கிணறு வெட்டிப் பயனில்லை.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ரப்பர் விலை பாதிக்கும் கீழே போன அந்நாட்களில், நம் வண்டிக்கு டயர் பாதி விலைக்குக் கிடைத்ததா? இல்லையே! அப்படியானால் விவசாயி இழந்தது எங்கே போயிற்று என்று கேட்க நமக்கும் பாத்தியதை உண்டு அன்றோ?