ஊசிக்கும் எடை உண்டு

கடையடைத்துக் கணக்கு முடித்து வீடு திரும்பும் வணிகருக்கு ஒரு மணி நேரப் பாட்டு பெரிய ஆறுதல். ஏவி. மெய்யப்பச் செட்டியாரே படத் தயாரிப்புக்கு வருமுன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தி இசைத்தட்டு விற்ற வணிகர்தான். நம்மில் பலர் வீட்டுப் பரணில் பழைய தட்டுகள் இன்னும் உள்ளன. இப்போது பிள்ளைகள் டர்ன்டேபிள் வாங்கி அவற்றைப் போட்டுக் கேட்கிறார்கள். மகிழ்ச்சியே. ஆனால் முறையாகப் பொருத்தாத ஊசி ஒவ்வொரு முறையும் தட்டின் கோட்டைத் தேய்க்கிறது. தேய்ந்த கோடு திரும்ப வராது. பல தட்டுகளுக்கு மறுபதிப்பும் கிடையாது. ஆகவே செய்ய வேண்டியவற்றை வரிசையாகத் தருகிறோம்.

மட்டம்

தராசு சாய்ந்திருந்தால் எடை சரியிராது என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. டர்ன்டேபிளும் அப்படியே. ஆடாத மேசையில் வைத்து, கொத்தனாரின் ரசமட்டத்தால் நீளத்திலும் அகலத்திலும் பார்க்க வேண்டும். ஸ்பீக்கரை அதே மேசையில் வைத்தால் அதிர்வு ஊசிக்கு ஏறி ஊளைச் சத்தம் வரும்.

எடை

ஆன்டி-ஸ்கேட்டிங் திருகை 0-இல் வைத்து, கையின் பின்னுள்ள எடையைத் திருகி, கை தராசுக் கோல்போல் சாயாமல் மிதக்கச் செய்க. எண்வளையத்தை மட்டும் 0-க்குக் கொண்டுவந்து, பிறகு எடையோடு சேர்த்து, ஊசித் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குத் திருப்புக. எல்.பி. ஊசிகளுக்குப் பெரும்பாலும் 1.5 முதல் 2 கிராம். ஆன்டி-ஸ்கேட்டிங்கையும் அதே எண்ணில் வைக்கலாம். எடை மிகுந்தால் தட்டு தேயும். குறைந்தால் ஊசி துள்ளிக் கோட்டைக் கெடுக்கும். நம் தொழிலைப் போலவே இங்கும் குறை எடை கூடாது. 78 சுற்றுத் தட்டுக்கு அகன்ற முனையுள்ள தனி ஊசி வேண்டும்.

இணைப்பு

எல்.பி. தட்டில் அடிக்குரலைக் குறைத்தும் மேல்குரலைக் கூட்டியுமே பதிக்கிறார்கள். 1954-இல் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. அளவு இதற்குப் பொது முறையாயிற்று. அதைத் திருப்பிச் சரிசெய்வது போனோ பகுதி. அதை விட்டு ஆக்ஸில் செருகினால் பாட்டு மெலிந்து கீச்சென்று ஒலிக்கும். சில டர்ன்டேபிள்களில் இப்பகுதி உள்ளேயே உண்டு. ஆம்ப்ளிஃபயரின் போனோவிலும் செருகினால் கரகரக்கும். உர்ரென்ற இரைச்சலுக்கு எர்த் கம்பியைப் பார்க்கவும்.

ஈக்வலைசர்

இவ்வளவும் சரியான பிறகே ஈக்வலைசர். மட்டரகச் சரக்கை அழகிய பையில் கட்டினால் முதல்தரமாகாது. எல்லா விசைகளையும் நடுவில் வைத்து, நன்கு பழகிய பாட்டைப் போட்டுக் கேளுங்கள். கூட்டுவதைவிடக் குறைப்பதே நல்லது. 3 டெசிபல் கூட்டினால் அவ்விடத்தில் ஆம்ப்ளிஃபயர் இருமடங்கு சக்தி தர வேண்டும். மோட்டார் உறுமினால் 31 ஹெர்ட்ஸ், குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் இருந்தால் 250 ஹெர்ட்ஸ், 78 தட்டு சரசரத்தால் 8,000-மும் அதற்கு மேலும் சற்றுக் குறைக்கலாம்.

பாதுகாப்பு

தட்டுகளை மூட்டைபோல் அடுக்காமல், வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வைக்க வேண்டும். பழைய 78 தட்டை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது. அதிலுள்ள அரக்கு கரைந்துவிடும்.

ரசமட்டமும் சிறு கிராம் தராசும் அதிக விலையல்ல. புதுப் பெட்டிக்குப் பணம் எடுக்குமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை இவற்றைச் சரிபார்த்துவிடுங்கள்.